சனிக்கிழமைகளில் சீனி கருகும் வீடு

என் பாசத்துக்குரிய லூஸ் மச்சாளுக்கு,

இருபத்திரண்டு வருடங்களில் ஒரு நாள்கூட உங்களை நான் மச்சாள் என்று கூப்பிட்டதில்லை. என் அண்ணையின் மனைவியை வேறு எப்படிக் கூப்பிடுவது? இருந்தும் கூப்பிடவில்லை. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த நீங்கள் எங்கள் தமிழைப் பேசப் பழகினீர்கள், வாசிக்கப் பழகவில்லை. அதனால் இதை எழுதி முடித்ததும் லண்டன் பிளேஸ்டோவில் உள்ள உங்கள் வீட்டில் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாக வாசிக்கப் போகிறேன். கேட்குமா?

நீங்கள் போய் ஒன்பது மாதமாகிறது. முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடித்து, பஸ் தரிப்பில் நின்றபடியே சரிந்து விழுந்தீர்களாம். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். அந்த நேரம் அண்ணை நகரத்தின் மறுபக்கத்தில் வேறொரு பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். உங்கள் வேலைச் சப்பாத்து இன்னும் வாசலடியில்தான் கிடக்கிறது. அதை எடுத்து வைக்க ஒருவருக்கும் கை வரவில்லை.

உங்கள் மகள் தாரா யூனிவர்சிட்டியில் இரண்டாம் வருடம். ஐப்பசியில் அவள்தான் சட்டனில் இருக்கிற எனக்குப் போன் எடுத்தாள். "மாமி, அப்பா சாப்பிடுறார் இல்லை. ப்ளீஸ், கொஞ்ச நாள் வந்து நில்லுங்கோ." ஒரு பெட்டியோடு வெளிக்கிட்டு வந்தேன்.

வந்த முதல் சனிக்கிழமை காலை ஏழு மணியிருக்கும். மணம்தான் என்னை எழுப்பியது. உள்ளி, வினாகிரிப் புளிப்பு, அதற்கு மேலே சீனி கருகுகிற மணம். தாரா சமைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். தாராவின் சப்பாத்து வாசலில் இல்லை. அவள் இரவு சிநேகிதி வீட்டில் தங்கிவிட்டாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

குசினியில் அடுப்புப் பற்றவில்லை. தொட்டுப் பார்த்தேன், சில்லிட்டிருந்தது. மேசையில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகளை வைத்துவிட்டு, அண்ணை கதிரையில் இருந்தார். வேலைக்குப் போகிறவர் மாதிரித் தலை வாரி, சேட்டுப் பொத்தான் எல்லாம் பூட்டியிருந்தார்.

"உனக்கும் மணக்குதோ?" என்று கேட்டார்.

"என்ன அண்ணை?"

"லூஸின்ர கோழி. ஒவ்வொரு சனியும் வருது."

மணம் என் மூக்குக்குள்ளேயே நின்றது. நான் சொன்னேன்: "இல்லையே அண்ணை. ஒண்டும் மணக்கேல்லை."

அவர் தலையாட்டினார். ஒரு கோப்பையை எடுத்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தார். நான் ஏன் அப்படிச் சொன்னேன்? 'ஓம்' என்றால் நீங்கள் அந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்றாகிவிடும். நீங்கள் இருந்தால் உங்களுக்குப் பயப்பட எனக்குக் காரணம் இருந்தது, மச்சாள்.

அண்ணை உங்களைக் கட்டி மூன்றாம் கிழமை அந்த வீட்டுக்கு முதல் தடவை வந்தேனே, நினைவிருக்கிறதா? அதுவும் ஒரு சனிக்கிழமை. உள்ளி போட்டு வறுத்த சோறு, பக்கத்தில் ஒரு முட்டைப் பொரியல், சிவப்பாக மினுங்குகிற கோழி. டொசினோ என்றீர்கள். உங்கள் ஊரில் காலைச் சாப்பாடு என்றீர்கள். விடியக்காலையில் இறைச்சி, அதற்குள் சீனி! "எனக்கு இண்டைக்கு விரதம்" என்று கோப்பையைத் தள்ளிவிட்டேன். விரதமும் இல்லை, ஒன்றும் இல்லை.

நீங்கள் அதை நம்பினீர்கள். நம்பினீர்களா, அல்லது நம்பியது போல இருந்தீர்களா? அதற்குப் பிறகு நான் வந்த சனிக்கிழமை எல்லாம், எனக்கென்று தனிச் சட்டியில் பருப்பும் கத்தரிக்காயும் வைத்தீர்கள். கோழி பட்ட கரண்டி என் சட்டியில் படாமல் பார்த்தீர்கள். இருபத்திரண்டு வருடமாக நான் இருந்து சாப்பிட்டேன்.

உங்கள் பெயரையும் நாங்கள் சும்மா விடவில்லை. "அண்ணை ஒரு லூசைக் கட்டியிருக்கிறார்" என்று லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தம் முழுக்கப் போனில் சொல்லிச் சிரித்தவள் நான்தான். உங்களுக்கு முன்னாலேயே "லூசு வந்திட்டுதோ?" என்று கேட்பேன். ஆள் வந்த மாதிரிகூட இல்லை, ஒரு சாமான் வந்த மாதிரி. நீங்கள் பெயரைச் சொல்கிறேன் என்று நினைத்துத் திரும்பிச் சிரிப்பீர்கள்.

நான் 'இல்லை' என்று சொன்ன அன்று என்ன நடந்தது தெரியுமா? அண்ணை நேரே டிப்போவுக்குப் போய், "எனக்கு இல்லாத மணம் எல்லாம் மணக்குது, பஸ் ஓட்ட ஏலாது" என்று தானாகச் சொல்லிவிட்டார். அவரைப் பஸ் ஓட்டவிடாமல் நிறுத்தினார்கள். ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார் டொக்டர். தன் தலைக்குள் ஏதோ பிழை என்று அவர் நம்பிவிட்டார். கதவைப் பூட்டினேனா, காஸை நிறுத்தினேனா என்று நாலு தரம் கேட்பார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை.

இரண்டாம் சனியும் மணந்தது. தாரா வீட்டில்தான் இருந்தாள், அவளுக்கு மணக்கவில்லையாம். பக்கத்து வீடுகளின் பின்வளவுகளை எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் ஆளில்லாத வீடு, மறுபக்கத்தார் இன்னும் எழும்பவில்லை.

அடுத்த செவ்வாய் தாராவைக் கேட்டேன்: "அம்மாவின்ர கோழி எப்பிடிச் செய்யிறது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா, மாமி?"

நீங்கள் ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. அவள் கண்ணை மூடி நினைத்து நினைத்துச் சொன்னாள். எலும்பில்லாத தொடை இறைச்சி. மண்ணிறச் சீனி, உப்பு, உள்ளி, மிளகு, சோயா சோஸ், ஒரு மூடி வினாகிரி, டின்னில் வருகிற அன்னாசிச் சாறு. சிவப்புக்குக் கொஞ்சம் கலர். என் கை தானாக மிளகாய்த்தூள் போத்தலுக்குப் போக, "மாமி, நோ!" என்று கத்தினாள். நீங்கள் போன பிறகு அவள் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். புதன்கிழமை கையால் பிசைந்து பெட்டியில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தோம். மூன்று நாள் ஊறவேண்டுமாம். என் நகக்கண்ணில் ஏறிய சிவப்பு எத்தனை தரம் கழுவியும் போகவில்லை.

சனி காலை தாச்சியில் கோழியைப் பரப்பிக் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். "தண்ணி முழுக்க வத்தட்டும், பிறகுதான் எண்ணெய்" என்றாள் தாரா. தண்ணீர் வற்றி, கொழுப்புக் கசிந்து, சீனி பாகாகி இறைச்சியில் பிடிக்கத் தொடங்கியது. ஓரங்கள் கறுத்தன. அப்போது அந்த மணம் எழும்பியது. அதே மணம். ஒரு இம்மி வித்தியாசம் இல்லை. பின்னால் நீங்கள் நின்று எட்டிப் பார்க்கிறீர்கள் என்றே நினைத்தேன்.

திரும்பினேன். அண்ணை கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுவும் என்ர தலைக்குள்ளயோ?" என்றார்.

அந்தக் குரலை எப்படிச் சொல்வேன், மச்சாள்? அடுப்பை நிறுத்தினேன்.

"இல்லை அண்ணை. இது உண்மை. அண்டைக்கும் உண்மைதான். எனக்கும் மணந்தது."

"அப்ப ஏன் இல்லையெண்டு சொன்னனீ?"

"பயத்தில."

"ஆருக்குப் பயம்? அவளுக்கோ?"

"ஓம்."

அவர் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாக வந்து கதிரையில் இருந்தார். தாரா அவர் தோளில் கை வைத்தாள்.

"நீ அவளை 'லூசு' எண்டு கூப்பிடுறதுக்கு என்ன அர்த்தம் எண்டு முதல் வருசமே கேட்டவள்" என்றார். "நான் மறைக்காமல் சொன்னன். 'எங்கட ஊரில லூஸ் எண்டால் வெளிச்சம். உங்கட தங்கச்சிக்கு ஒருநாள் சொல்லுங்கோ' எண்டவள். நான்தான் சொல்லேல்லை. சொன்னால் நீ வெக்கப்பட்டு இஞ்சால வராமல் விட்டிடுவாய் எண்டு பிறகு அவளே தடுத்திட்டாள்."

தெரிந்துகொண்டா திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள்? ஒவ்வொரு முறையுமா?

மூன்று பேரும் சாப்பிட்டோம். உள்ளிச் சோற்றை நான் கொஞ்சம் கருக்கிவிட்டேன். கோழி இனித்தது, பிறகு உப்பும் புளிப்பும் வந்தது, கடைசியில் கருகிய ஓரம் பல்லில் கடிபட்டது. இவ்வளவு ருசியாய் இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. அண்ணை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். தாரா அழுதுகொண்டே சாப்பிட்டாள். ஒருவரும் ஒருவரைத் தேற்றவில்லை.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. தங்கச்சிக்கும் மணந்தது என்று அண்ணை சொல்ல, துக்கத்தில் இப்படியும் நடக்கும் என்றாராம் டொக்டர். போன திங்கள் பஸ்ஸைத் திரும்பக் கொடுத்தார்கள்.

ஆனால் நாங்கள் கோழி சமைத்ததற்கு அடுத்த சனி மணம் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அண்ணையும் நானும் விடிய எழும்பிக் குசினியில் இருந்து பார்த்தோம். வெறும் தேத்தண்ணி மணம்தான். மணந்தபோது பயந்தவள், இப்போது மணக்காததற்குப் பயப்படுகிறேன். எங்களைவிட்டுப் போய்விட்டீர்களா? நான் உண்மையைச் சொல்லும்வரைக்கும்தான் நின்றீர்களா?

இன்னொன்று சொல்லவேண்டும். நேற்றுத் தாரா உங்கள் அம்மாவோடு வீடியோவில் கதைத்தாள். கதையின் நடுவில் கிழவி என்னைக் கண்டு ஏதோ கேட்டா. தாரா உடனே பதில் சொல்லிவிட்டாள். என்ன கேட்டவ என்று பிறகு கேட்டேன். "என்ர பிள்ளையை உங்கட ஆக்கள் நல்லா வச்சிருந்தினமோ எண்டு கேட்டவ. நான் ஓம் எண்டிட்டன், மாமி" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

கேள்வி என்னைப் பார்த்துத்தான் கேட்கப்பட்டது. மார்கழி லீவில் தாரா உங்கள் ஊருக்குப் போகிறாள். நானும் போகிறேன். உங்கள் அம்மாவுக்கு முன்னால் இருந்து, தாராவை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்க்கச் சொல்லி, அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லுவேன். அவ என்னை வாசலுக்கு வெளியே விட்டாலும் சொல்லிவிட்டுத்தான் வருவேன். இது உங்கள் மேல் ஆணை.

இனியாவது உங்களுக்கு முறையான,
உங்கள் மச்சாள்