நாற்பத்தொன்றாம் பக்கம்

மார்ச் 4

காலையிலிருந்து ஃப்ரீசர் கத்திக்கொண்டே இருக்கிறது. மைனஸ் எண்பதில் நிற்க வேண்டியது அறுபத்திரண்டில் நிற்கிறது. பதினெட்டு வருடம் உழைத்துவிட்டது, ஓய்வு கேட்பது நியாயம்தான். மெக்கானிக் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வாரம் ஓடும் மேடம், அதுவும் அது மனசு வெச்சா" என்றார்.

மாலை குழுக் கூட்டம். பல்கலைக்கழகத்தின் பெண் விஞ்ஞானிகள் குழுவை நானும் இயற்பியல்காரியும் ஐந்து வருடமாக நடத்துகிறோம். படிக்கும்போது ஒரே விடுதி அறை. இப்போது பத்துப் பேர் முன்னால் 'மேடம்', தனியாக இருந்தால் 'டி'. வழக்கம்போல் கதவோரம் ஒரு நாற்காலி காலி. ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுப் போனவர்களுக்காக அது. புதிதாகச் சேர்ந்த பெண் அதில் பையை வைக்கப் போக, "அங்க வேண்டாம்மா, ஆள் இருக்கு" என்றாள் இயற்பியல்காரி. அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது.

பிறகு நாற்காலியின் முதல் கதை. என் பழைய மாணவியின் கதை. நல்ல மூளை, நல்ல உழைப்பு, வீட்டில் கல்யாணம் செய்து ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு வருடமும் புதியவர்களுக்கு இதைச் சொல்கிறோம். ஆட்சிக் குழுவுக்கு ஏப்ரல் 28 அன்று நான் வாசிக்கப் போகும் மனுவிலும் இதுதான் முதல் உதாரணம். மாணவியின் ஆய்வு முடிவு தவறு என்று கைடு சொன்னால், வேறோர் ஆய்வகம் அதே சோதனையைத் திரும்பச் செய்யும்வரை அவளை அனுப்பக் கூடாது என்று விதி கேட்கிறோம்.

நாற்காலிக் கதையை முதன்முதலில் சொன்னவள் நான்தான்.

மார்ச் 6

புது ஃப்ரீசருக்கு எல்லாவற்றையும் மாற்றினோம். கீழ்த்தட்டில், உறைந்த பனிக்குப் பின்னால், ஒரு நீலப் பெட்டி. மூடியில் குருவியின் கையெழுத்து.

குருவி என்பது அந்தப் பழைய மாணவிக்கு நாங்கள் வைத்த பெயர். அவள் போடும் ரப்பர் செருப்பு நடைகூடத்தில் கீச் கீச்சென்று கத்தும், ஆள் வருமுன் சத்தம் வந்துவிடும். பெட்டிக்குள் எண்பத்தோரு மாதிரிக் குழாய்கள். பொடி எழுத்தில் தேதி, எண். சிவப்பு வட்டத்துக்குள் 52.

நாற்பத்தைந்து டிகிரிக்கு மேல் செத்துவிடும் என்று எல்லோரும் நம்பிய மண் பாக்டீரியா, ஐம்பத்திரண்டிலும் வளர்கிறது என்றாள். வேறு ஏதோ கிருமி உன் வளர்ப்புத் தட்டில் விழுந்திருக்கிறது என்றேன். நுண்ணுயிர் வங்கியிலிருந்து இரண்டு குப்பிகள் வந்திருந்தன. ஒன்றைத் திறந்து என் கையால் தாய்க்குழாய் நிரப்பி வைத்திருந்தேன். ஆய்வகமே அதை வைத்துத்தான் ஒப்பிடும். மற்றதைத் திறந்தவள் அவள். மூன்று முறை திரும்பச் செய்தாள். மூன்று முறையும் வளர்ந்தது, மூன்று முறையும் தாய்க்குழாயோடு ஒத்துப்போகவில்லை. "உன் கை சுத்தமில்ல. எல்லாருக்கும் இந்த வேலை வராது, விட்டுடு" என்றேன். ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாரமே போய்விட்டாள்.

அவள் கல்யாணம் அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான் நடந்தது.

சுருட்டை — என் இப்போதைய மாணவி, தலைமுடி அப்படி — "தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை வளர்த்துப் பாக்கட்டுமா மேடம்?" என்றாள். என்னமோ செய் என்றேன்.

மார்ச் 9

நடைகூடத்தில் கீச் கீச். எழுந்து போய்ப் பார்த்தேன். தள்ளுவண்டிச் சக்கரம்.

மார்ச் 12

வளர்ந்திருக்கிறது. ஐம்பத்திரண்டில், தட்டு நிறைய.

சுருட்டை ஐந்து குழாய்களை எடுத்துச் செய்திருக்கிறாள். ஐந்தும் ஒரே மாதிரி. "தூசியில விழுந்த கிருமின்னா அஞ்சுலயும் ஒண்ணே விழுமா மேடம்? ஒருவேளை நம்ம தாய்க்குழாய்லதான்..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு என்னிடம் பயம். எப்போதிலிருந்து? ஐந்து வருடமாக மேடையேறி, மாணவிகள் பயப்படாமல் பேச வேண்டும் என்று வாய் கிழியப் பேசுகிறவள் நான்.

வங்கிக்கு எழுதி, புதுக் குப்பி கேட்டேன். இதை ஆறு வருடத்துக்கு முன்னால் செய்திருக்கலாம். ஒரு கடிதம். அவ்வளவுதான் வேலை. ஏன் செய்யவில்லை? என் கை தப்புச் செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றவே இல்லையே!

மார்ச் 25

கூட்டம். நாற்காலிப் பக்கம் பார்க்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். பார்க்காவிட்டாலும் குருவி அதில் இருப்பது தெரிகிறது. கால்மேல் கால் போடாமல், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிற மாதிரி.

யாரோ என்னிடம் ஏதோ கேட்டார்கள். "இன்னொரு தடவை செஞ்சு பாரு" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். தேநீருக்கு எத்தனை கப் என்று கேட்டிருக்கிறார்கள்.

மார்ச் 30

சாப்பிடும்போது வீட்டுக்காரர், "யாரோட சண்டை? தட்டையே முறைச்சுப் பாக்கறியே" என்றார். ஃப்ரீசரோடு என்றேன்.

ஏப்ரல் 11

புதுக் குப்பி, குருவியின் குழாய், என் தாய்க்குழாய். மூன்றின் மரபணுவையும் படித்த முடிவு வந்துவிட்டது.

புதுக் குப்பியும் குருவியுடையதும் ஒன்று. என்னுடையதுதான் வேறு.

எதை வைத்து அவளை அழுக்கு என்றேனோ அதுதான் அழுக்கு. லேபிளில் என் கையெழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது.

ஏப்ரல் 13

குருவியின் போன் எண்ணைத் தேடிப் பிடித்தேன். குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். பகல் வேளை, பின்னால் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம். நான் யார் என்றதும் அந்தச் சத்தம் நின்றது.

"நீ சொன்னது சரி. என் தாய்க்குழாய்தான்..." என்றேன்.

"தெரியும் மேடம். அப்பவே எழுதியிருந்தேனே. நோட்டுல நாப்பத்தொண்ணாம் பக்கம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். வெட்கம் கெட்ட கேள்வி. எப்படித்தான் கேட்டேனோ.

"சொல்ல விட்டீங்களா? அந்தப் பக்கத்துல நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க மேடம். படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "உங்க நாற்காலி விஷயமும் கேள்விப்பட்டேன். எங்க வீட்டுக்காரர் கேட்டாரு, 'நானா உன் படிப்பை நிறுத்தினேன்?'னு. பாவம், அவருக்கு ரெண்டு நாள் சாப்பாடு எறங்கல." அப்புறம், "பன்னெண்டு சாம்பிள் இருக்கு, வெக்கறேன்."

ஏப்ரல் 14

பரணில் இருந்த பழைய ஆய்வு நோட்டுகளை இறக்கினோம். வாரம்தோறும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கைடு கையெழுத்திட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். படித்தேன் என்பதற்கான அடையாளம் அது. வெள்ளிக்கிழமை பதினைந்து நோட்டுகள் அடுக்கி வைப்பார்கள். பேசிக்கொண்டே போட்டுத் தள்ளுவேன்.

நாற்பத்தொன்று. "தாய்க்குழாயில் கலப்பு இருக்கலாம் என்று தோன்றுகிறது. புதுக் குப்பி வரவழைத்துச் சரிபார்க்க மேடத்திடம் கேட்க வேண்டும்." கீழே, பச்சை மையில், வளைத்து வளைத்து, நான்.

அவளை அனுப்புவதற்கு ஒன்பது நாள் முந்தைய தேதி.

தேடி வந்து யாரும் என்னைப் பயமுறுத்தவில்லை. என் கையெழுத்தே போதும்.

ஏப்ரல் 18

இயற்பியல்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "அஞ்சு வருஷமா எத்தனை பேருக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கேன்! என் வாயில பொய்யை வெச்சு விட்டுட்டியேடி" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலை இறக்கினாள். "இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் வாயைத் திறக்காத. நம்மளே இப்படின்னு தெரிஞ்சா மனுவைக் குப்பையில போட்டுடுவாங்க. விதி வரட்டும். உன் பாவத்தை அதுக்கப்புறம் கழுவிக்கோ."

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் கொடுமை. வாயைத் திறந்தால் நாளை வரப் போகிற பெண்களுக்கு நஷ்டம். மூடினால் குருவியை இன்னொரு தடவை, இந்த முறை பெரிய மனிதர்கள் முன்னால், கல்யாணத்தின்மேல் பழிபோட்டு அனுப்புகிறேன். உதாரணத்தை மட்டும் எடுத்துவிடலாமா? எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே.

ஏப்ரல் 28

வாசித்தேன். முதல் உதாரணம் வரை.

நிறுத்தினேன். காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். "இதுல எழுதியிருக்கறது பொய். எழுதினவ நான். அந்தப் பொண்ணு கல்யாணத்தால போகல, என்னால போனா" என்று ஆரம்பித்து, தாய்க்குழாய், மூன்று முறை, நாற்பத்தொன்றாம் பக்கம், கையெழுத்து, எல்லாம் சொன்னேன். இயற்பியல்காரி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீன் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ உங்களையே நம்ப முடியாதுன்னு சொல்றீங்களா?"

"ஆமா சார். அதுக்குத்தான் இந்த விதி."

யாரும் சிரிக்கவில்லை. ஆராய்ந்து முடிவு சொல்வதாக அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் இயற்பியல்காரி என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனாள்.

மே 6

மனு துணைக் குழுவுக்குப் போயிருக்கிறது. தள்ளுபடி இல்லை, சம்மதமும் இல்லை. குழுத் தலைமையிலிருந்து விலகிவிட்டேன். அந்தத் தாய்க்குழாயை வைத்து நான் வெளியிட்ட பழைய கட்டுரையைத் திருத்தச் சொல்லி ஆய்விதழுக்கு எழுதியாகிவிட்டது.

இயற்பியல்காரி இன்னும் பேசவில்லை. விலகல் கடிதத்தில் இருந்த ஒரு பிழையை மட்டும் திருத்தி அனுப்பியிருந்தாள்.

மே 19

குருவி வந்தாள்.

சத்தமே இல்லை. தோல் செருப்பு. கதவருகே நிற்பதைக் கண்டு தூக்கிவாரிப் போட்டது. கையில் ஐஸ் பெட்டி. "என் குழாய்களைக் கொடுங்க மேடம். எதிர்க் கட்டடத்துல இருக்கற வேதியியல் மேடம் என்னைச் சேத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிக்கறேன்."

என்னிடமே திரும்பி வருவாள் என்று ஒரு மூலையில் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அடங்கு மனமே என்று எழுந்தேன். சுருட்டையும் அவளுமாக எண்பத்தொன்றையும் எண்ணி அடுக்கினார்கள். மன்னித்துவிடு என்றேன். "அதை அப்புறம் பாக்கலாம்" என்றாள், தேநீர் வேண்டாம் என்பதுபோல. தேநீரும் குடிக்கவில்லை.

போகுமுன் பழைய நோட்டைக் கேட்டாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள்.

"படிங்க மேடம். வாய் விட்டு."

படித்தேன். சுருட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"இப்போ கையெழுத்துப் போடுங்க. இன்னைக்குத் தேதி."

பச்சை மைக்குக் கீழே போட்டேன். கை வளையவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல் விழுந்தது. மை காயும்வரை நின்று, நோட்டை மூடி, எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 12

கூட்டத்துக்குப் போனேன், பின்வரிசையில் உட்கார்ந்தேன். இயற்பியல்காரி நாற்காலிக் கதையை மாற்றிச் சொன்னாள். பெயர் சொல்லாமல், ஆனால் உள்ளபடி. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. முடிந்ததும் ஒரு கப் தேநீரை என் பக்கம் தள்ளினாள். அதில் சர்க்கரை இல்லை. நான் சர்க்கரை போடாதது அவளுக்கு மறக்கவில்லை.

இன்று வெள்ளி. பதினைந்து நோட்டுகள் வந்தன. மாலைக்குள் நான்கைத்தான் முடிக்க முடிந்தது. மற்றவர்கள் வாசலில் முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். சுருட்டையின் நோட்டில் இருபத்தாறாம் பக்கத்தின் ஓரத்தில், "மேடம் சொன்ன வெப்பநிலை தவறு என்று நினைக்கிறேன்" என்று பென்சிலில், அழிக்க வசதியாக, எழுதியிருந்தது. அவளைக் கூப்பிட்டு, பேனாவால் எழுதச் சொன்னேன்.