சுருக்கினால் மறையும் பாறை

உத்தமபாளையம்
3.12.2024

திருமதி ஷீபா சூரியபிரகாஷ் அவர்களுக்கு,

நலம். உங்கள் தீபாவளி வாழ்த்து கிடைத்தது. அதில் தேதி இல்லை.

ஜனவரியில் நீங்கள் இருவரும் கொச்சியிலிருந்து கோவாவுக்குப் பாய்ப்படகில் போவதாக என் மகன் சொன்னான். படகுக்கென்று விற்கும் வழிகாட்டிக் கருவி விலை அதிகமாம். பழைய லேப்டாப்பில் இலவசக் கடல்வரைபடத்தை ஏற்றி, ஒரு சின்ன ஜி.பி.எஸ்.ஸைச் செருகினால் போதுமாம். "அவ படத்தப் பாப்பா, நான் சுக்கான் பிடிப்பேன். அம்புட்டுத்தான்ம்மா" என்றான்.

அம்புட்டுத்தானா என்று நானும் என் கம்ப்யூட்டரில் நம் பள்ளத்தாக்கின் வரைபடத்தைத் திறந்தேன். படத்தைச் சுருக்கியபோது கோம்பை நின்றது, பண்ணைப்புரம் போய்விட்டது. வேலைக்கு வரும் முருகம்மாளின் பிறந்த ஊர் அது. "அங்கன இருந்தவுக எல்லாம் எங்கிட்டுப் போனாக, ஆத்தா?" என்றாள். கடலில் ஒரு பாறையும் அப்படிப் போகாதா?

அவன் என் பேச்சைக் கேட்கமாட்டான். நீங்கள் தடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
கிருபாவதி

கொச்சி
9.12.2024

அன்புள்ள அத்தைக்கு,

தேதி போட்டுவிட்டேன்.

கல்யாணமான இத்தனை வருடத்தில் நீங்கள் எனக்கு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை.

நீங்கள் பயந்தது நடந்தது. போன மாதம் கண்ணூர் வரை போய்ப் பார்த்தோம். பேப்பூர் துறைமுகம் தாண்டியதும் அவர் கொஞ்சம் தூங்கினார். சுக்கான் என் கையில். முழு வழியும் தெரியட்டும் என்று படத்தைச் சுருக்கி வைத்திருந்தேன். மீன்பிடி வள்ளத்திலிருந்து ஒருவர் கையை வீசிக் கத்தினார். திருப்பினேன். பாறை பக்கத்திலேயே கடந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் அது படத்தில் இருக்கிறது.

"என்ன சத்தம்?" என்று எழுந்தார். "மீன் வேணுமான்னு கேக்குறாங்க" என்றேன்.

இப்போது பாறைகளை எல்லாம் முன்கூட்டியே படத்தில் குறித்து வைக்கிறேன். கிளம்பும் முன் நானே அவரிடம் சொல்வேன். நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அத்தை. என்னை நம்பித்தான் அவர் கடலில் தூங்குகிறார்.

அன்புடன்,
ஷீபா

உத்தமபாளையம்
14.12.2024

ஷீபா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்த அன்றே அவனிடம் போனில் சொல்லிவிட்டேன். மறைப்பது எனக்குப் பழக்கமில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னான். இனிப் பயணம் நின்றுவிடும். என்மேல் கோபம் இருக்கலாம். எனக்கு இருப்பது ஒரே மகன்.

தனிப் பார்சலில் ஏலக்காய் அனுப்பியிருக்கிறேன்.

கிருபாவதி

கொச்சி
8.1.2025

திருமதி கிருபாவதி அவர்களுக்கு,

ஏலக்காய் வந்தது. பயணம் நிற்கவில்லை. அவர் தனியாகப் போய்விட்டார்.

"ஒன்னய நம்பி இனிமே கண்ண மூட முடியாது" என்றார். தனியாகப் போனால் மட்டும் எப்படித் தூங்குவீர்கள் என்று கேட்டேன். "தூங்காட்டிப் போகுது" என்றார். நான் குறித்து வைத்த பாறைகளை அழித்துவிட்டுத் தானே புதிதாகக் குறித்தார். என்னிடம் காட்டவில்லை. அதில் அந்தப் பாறை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

வடக்குக் காற்று தணியும்வரை பேப்பூரில் ஒதுங்கி நிற்பதாகக் குறுஞ்செய்தி மட்டும் வந்தது. அந்தப் பாறை அதைத் தாண்டித்தான் வரும். என் போனை எடுப்பதில்லை. உங்கள் குரலைக் கேட்க எனக்கும் இப்போது முடியாது. அதனால் எழுதுகிறேன்.

ஷீபா

உத்தமபாளையம்
11.1.2025

அன்புள்ள ஷீபாவுக்கு,

பக்கத்து வீட்டு ரஃபியா இன்றே கொச்சிக்கு வருகிறாள். இதை உன் கையில் தருவாள்.

என் போனை எடுத்தான். இன்னும் பேப்பூரில்தான் இருக்கிறான். நாளை விடியலில் கிளம்புகிறானாம். நில் என்றேன். நிற்கமாட்டான். எந்தப் பாறை என்று ஷீபாவிடம் கேட்டாயா என்றேன். போனை வைத்துவிட்டான்.

அதே கடல்வரைபடத்தை நானும் திறந்து வைத்திருக்கிறேன். பெரிதாக்கினால் பாறைகள் வந்துகொண்டே இருக்கின்றன. நீ பார்த்தது எது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ சொன்னதாக அவனிடம் சொல்லமாட்டேன். நானே கண்டுபிடித்ததாகச் சொல்கிறேன், அப்படியென்றால் குறித்துக்கொள்வான்.

என்னிடம் நீ பேச வேண்டாம். அது எந்தப் பாறை என்று ரஃபியாவிடம் மட்டும் சொல், அவள் உடனே எனக்குப் போன் செய்வாள். வாசலிலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

அத்தை