தகவல் தந்தவர் மூன்று

புதன்கிழமை.

சந்தையைப் பற்றி அறிக்கையோ அனுபவக் கட்டுரையோ எழுதலாம் என்றிருந்தார் மேடம். பாப்பாரப்பட்டிச் சந்தையில் தக்காளி விற்கும் என் அம்மாவிடம் வகுப்புத் தோழி நிவேதாவையும் நான்தான் கூட்டிப்போனேன். அறிக்கை என்றால் தப்பு வராது என்று அட்டவணை போட்டு எழுதினேன். அவள் கட்டுரை எழுதினாள்.

இன்று மேடம் அதை வகுப்பில் வாசித்தார். தராசு நேராக நின்ற பிறகும் அம்மா ஒரு பழம் கூடப் போடுவதை எழுதியிருக்கிறாள். தினமும் பார்க்கிற எனக்கு அதை எழுதத் தோன்றவில்லை. பொறாமையாக இருந்தது.

"இந்தம்மாவ எங்க புடிச்ச நீ?" என்றார் மேடம். நிவேதா என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

"என்னப் பத்தி என்னானு எழுதுன பாப்பா? படிச்சுக் காட்டு" என்றாள் அம்மா, வீட்டில்.

என் அட்டவணையில் அம்மா ஒரே ஒரு வரி. தகவல் தந்தவர் மூன்று: பெண், வயது நாற்பத்தாறு, பள்ளிக்குச் சென்றதில்லை.

நாளைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.