வட்ட ரம்பத்தின் தடம்

1955 மார்ச் 7, திங்கள்
காலையிலிருந்து மழை. ஆஷ்கோம்ப் மாளிகையைப் பார்த்து அறிக்கை எழுத, பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து என்னைத்தான் அனுப்புகிறார்கள். "உனக்குத்தான் அந்த வீடு தெரியுமே" என்றார் அதிகாரி. தெரியும். அம்மா அங்கே சமையல்காரி; அடுக்களைக்கு மேலுள்ள அறையில்தான் நான் வளர்ந்தேன். சொந்தக்காரர் மேஜர் ஹேவர்கல் வீட்டை இடித்து நிலத்தை விற்கப் பார்க்கிறார். பழமையான கட்டடம் என்று நான் எழுதினால் இடிக்க முடியாது. அம்மாவும் அங்கேயே இருக்கலாம்.

மார்ச் 9
பழக்கதோஷம், பின்வாசல் வழியாகவே போனேன். அம்மா சிரித்தாள். "பட்டதாரியம்மா முன்வாசல்ல வரக் கூடாதா?"

பெரிய கூடத்துக் கணப்படுப்பின் மேல் 1583 என்று செதுக்கியிருப்பதைத் துடைத்துக் காட்டினாள். முதலாம் எலிசபெத் ராணி காலத்து வீடு என்று விருந்தாளிகளுக்கெல்லாம் வருஷக்கணக்காக அவள்தான் சொல்லி வருகிறாள்.

ஏணி வைத்து உத்தரங்களைப் பார்த்தேன். 1583இல் கைரம்பம்தான்; அது நேராகக் கீறும். இங்கே எல்லாம் வில்போல வளைந்த கீறல்கள் — நீராவியில் சுழன்ற வட்ட ரம்பம். வீட்டுக்கு நூறு வயதுகூட இருக்காது. பரம்பரைக் குடும்பம் என்று காட்டிக்கொள்ள யாரோ ஆண்டையும் சேர்த்துச் செதுக்கியிருக்கிறார்கள்.

இறங்கத் தோன்றவில்லை. "என்னடி, தலை சுத்துதா?" என்றாள் அம்மா.

மார்ச் 10
அறிக்கையில் எதுவும் எழுதவில்லை.

மார்ச் 13, ஞாயிறு
அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உருளைக்கிழங்கு உரிப்பதை அவள் நிறுத்தவில்லை.

"நமக்குள்ள இருந்துட்டுப் போகட்டுமே. யாரு ஏணி வச்சு ஏறப் போறா?"

"தெரிஞ்சும் எப்படிம்மா எழுதறது?"

"உன்னைக் காலேஜுக்கு அனுப்பினது எங்க வீட்டு உத்தரத்துல குத்தம் கண்டுபிடிக்கவா?"

எங்க வீடு என்றாள். அது என்றைக்கு எங்கள் வீடு? பொய்யே எழுதினால்தான் என்ன, யாருக்கு நஷ்டம்? கை வரமாட்டேங்குதே.

மார்ச் 18
உள்ளதை எழுதிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 26
இடிக்க அனுமதி கிடைத்துவிட்டது. மேஜர் அலுவலகத்துக்கே வந்து கைகுலுக்கினார். "அந்த 1583 எங்க தாத்தாவோட டம்பம், மிஸ் பெப்லோ. எங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும். உங்க அம்மாகிட்ட சொல்லத்தான் மனசு வரல."

அம்மா விருந்தாளிகளிடம் சொல்லச் சொல்ல, பின்னால் நின்று சிரித்திருப்பார்களோ? நான் ஏன் கையை நீட்டினேன்?

ஆகஸ்ட் 11
கூரையைப் பிரித்துவிட்டார்கள். நான் போகவில்லை. அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சாப்பிடவில்லை.

அக்டோபர் 16, ஞாயிறு
அம்மா என்னோடு வாடகை வீட்டுக்கு வந்து மூன்று மாதம். மாடி அறையில் படித்துக்கொண்டிருந்தேன். கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். "உள்ளே வாம்மா" என்றேன். வரவில்லை. திறந்து பார்த்தால் அறை வாசலில், மாளிகையில் மேஜருக்கு வைப்பதுபோலவே, தேநீர்த் தட்டு, பிஸ்கட், மடித்த கைத்துண்டு. படியில் காலடிச் சத்தமே இல்லை. சுவரோரமாக இறங்கினால் பலகை முனகாது என்று அவளுக்குத் தெரியும்.

தட்டில் ஒரே ஒரு கோப்பை.