ஊதாத தண்ணீர்

வேலம்பாளையம்,
17.11.2008

அன்பு மகன் முனீசுக்கு,

அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று இருக்கன்குடி மாரியை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். நாங்களும் நலம் என்றுதான் அடுத்த வரி எழுத வேண்டும், பேனா வரமாட்டேன் என்கிறது. போனில் உன் பெண்டாட்டி நாகஜோதி பெயரை எடுத்தாலே உனக்கு டவர் போய்விடுகிறது, அப்பாவோடு பேசும்போது மட்டும் நன்றாகக் கிடைக்கிற டவர்தான். கன்னையன் மகன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை நீ இருக்கிற தம்மாமுக்கே திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். காகிதத்தை உன்னால் பாதியில் கட் பண்ண முடியாது. உட்கார்ந்து படி.

பிள்ளையைப் புதைத்துவிட்டு அப்பா வந்த அன்று ஆஸ்பத்திரிக்கு நீ போன் போட்டாய், நான்தான் அவள் காதில் வைத்துப் பிடித்தேன். எட்டு மாசத்துல எதுக்கு வேலைக்குப் போன என்று ஒரே கேள்வி கேட்டாய், வைத்துவிட்டாய். பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள், நான் பார்த்தேன். திறந்த வாய் மூடியது மூடியதுதான், அதற்கப்புறம் ஒரு பேச்சு இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள், ஊட்டினால் இரண்டு வாய், ஊட்டாவிட்டால் அதுவும் இல்லை. மகனிடம் எழுதக்கூடாததுதான், இருந்தாலும் எழுதுகிறேன், குடிக்கப் பிள்ளை இல்லாமல் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்தாள், பால் வற்றட்டும் என்று மல்லிகைப்பூ வாங்கி வந்து மாரில் வைத்துக் கட்டினேன், அந்த வலிக்கும் அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. இன்னொன்றும் கேட்டுக்கொள். கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டது, வீட்டிலேயே படுத்துக் கிடந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். அதை உன்னிடம் சொல்ல வரும்போதெல்லாம்தான் உனக்கு டவர் போனது. உன் அப்பாவோ, அவன் ஆம்பளப் பிள்ளை, மனசு ஆறட்டும் என்கிறார். ஆறுகிறவரை இவள் இருக்க வேண்டாமா.

நம் வீட்டுக்கார மயிலாளக்கா வந்து பார்த்துவிட்டு, ஏனுங்க்கா, புள்ளைய ஒரு பொழுது பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போயித் தண்ணி ஓதிக் குடுத்துப் பாருங்க என்றார். நீ சின்னப் பிள்ளையில் பயந்து அலறியபோது உன்னையும் அப்படித்தான் தூக்கிக்கொண்டு தொழுகை விடுகிற நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன். இவள் எழுந்து நடந்தால்தானே கூட்டிப் போக. அப்போதுதான் மேல் ரூமில் இருக்கிற இந்திக்காரர்கள் ஞாபகம் வந்தது. அதில் நபீஸ் என்று ஒருவன், பனியன் கம்பெனியில் அயர்ன் வேலை, உத்தரப் பிரதேசம் பக்கம். உனக்குத்தான் தெரியுமே, இங்கே பகலெல்லாம் பக்கத்து நிட்டிங் மெஷின் சத்தத்தில் நம் வீட்டுப் பேச்சே நமக்குக் கேட்காது. இப்போது சாயங்காலம் கரண்ட் போய்விடுகிறது, மெஷின் நின்றதும் மொட்டை மாடியிலிருந்து அவன் குரல் கேட்கும். பாஷை எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தக் குரல் எங்கெங்கோ போய் அலைந்துவிட்டு இரண்டு வரிக்கு ஒரு தடவை அதே வார்த்தையில் வந்து விழும். இப்படி உருகிக் கூப்பிடுகிறான் என்றால் ஆண்டவனைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஓதுகிற ஆளை மாரியே மாடிக்கு அனுப்பியிருக்கிறாள் என்று, செருப்பைக் கழற்றிவிட்டு, தினமும் படிக்கட்டு அடியில் கைகூப்பி நின்றேன்.

ஒரு நாள் துணிந்து செம்பில் தண்ணீரோடு மேலே போனேன். தண்ணீர் டேங்க் பக்கம் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தான், சுற்றி இருந்தவர்கள் தலையைத் தொங்கப் போட்டிருந்தார்கள், ஒருவன் சட்டையில் கண்ணைத் துடைத்தான். முடிகிறவரை ஓரமாக நின்று, செம்பை நீட்டி, மருமகளுக்கு முடியலப்பா, ஊதிக் குடு என்றேன். அவன் பதறி எழுந்து இரண்டு காதையும் தொட்டுக்கொண்டான். அம்மா, நான் மௌல்வி இல்லே, இது துவா இல்லே, கஜல், பியார் பாட்டு என்றான். எனக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தது, இத்தனை நாள் ஒரு காதல் பாட்டுக்கா கும்பிட்டு நின்றேன் என்று. யாரடா அந்தப் பொண்ணு என்று அதட்டலாகவே கேட்டுவிட்டேன். பொண்ணுக்கும் பாடலாம் அம்மா, அல்லாவுக்கும் பாடலாம், யாரு வரலையோ அவங்களுக்கு என்றான். சரி, பாட்டுக்கு என்னப்பா அர்த்தம் என்று கேட்டேன், சொன்னான். கதவு மூடியிருக்கிறதாம், படியில் ஒருவன் கிடக்கிறானாம், கதவைத் திறக்க வேண்டாம், உள்ளேயிருந்து யாரது என்று கேட்டால் போதும் என்கிறானாம். தர்வாஸா மத் கோலோ, கௌன் ஹை பூச் தோ லோ. என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன், பாகிஸ்தான்காரர்களோடு ஒரே ரூமில் கிடக்கிறாயே, தப்பிருந்தால் நீ திருத்திக்கொள்.

வெறுங்கையோடு இறங்க மனசில்லாமல் அந்த ஊதாத தண்ணீரையே கொண்டுவந்து அவள் வாயில் வைத்தேன், குடித்தாள். மறுநாள் கரண்ட் போனது, பாட்டு வந்தது, திரும்பிப் பார்க்கிறேன், கட்டில் காலி. படிக்கட்டில் சுவரைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். பனியன் கம்பெனி செக்கிங் வேலையில் இந்திப் பிள்ளைகளோடு சேர்ந்து அவளுக்குப் பாஷை தெரியும் என்பதையே நான் மறந்துவிட்டேன், சுவரைப் பார்த்துக் கிடந்தவள் இத்தனை நாளும் எல்லாவற்றையும் புரிந்துதான் கேட்டிருக்கிறாள். அந்த வார்த்தை திரும்பி வந்தபோது அவளும் கூடவே முணுமுணுத்தாள், பூச் தோ லோ என்று. அப்புறம் ஒரு அழுகை அழுதாள் முனீஸ். மேலே பாடினவன் பயந்து நிறுத்திவிட்டான். நான்தான் பாடுப்பா, பாடு என்று கத்தினேன். என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அத்தை, கேட்டாரே, பதில் சொல்லவே விடலையே என்றாள். எங்கிட்டயாவது சொல்லு தாயி என்றேன். அவர்கிட்டதான் சொல்லணும் என்றுவிட்டாள்.

இனிமேல் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அதற்குள் கம்பெனியில் ஆர்டர் இல்லை என்று இந்திக்காரர்களை ஊருக்கு அனுப்புகிறார்கள், நபீஸும் பெட்டி கட்டிவிட்டான், ஞாயிற்றுக்கிழமை ரயில். செய்தி தெரிந்ததிலிருந்து அவள் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். இப்போது கரண்ட் போனால் முதலில் அவள் கட்டிலைத்தான் தடவிப் பார்க்கிறேன். அவள் மாடிப்படி ஏறினால் பின்னாலேயே ஓடுகிறேன், துணி காயப்போடக்கூட விடுவதில்லை. எத்தனை நாள் இப்படிக் காவல் இருப்பேன், எனக்குக் கண் அசராதா. யாரோ பெற்ற பிள்ளை யாருக்கோ பாடியதில் உன் பெண்டாட்டி இத்தனை நாள் மூச்சு விட்டாள், உன் தொண்டையிலிருந்து ஒரு வார்த்தை வரக்கூடாதா. பிள்ளை போனது உனக்கும் வலிதான், எனக்குத் தெரியாதா, நீயும் அங்கே தனியாகத்தான் அழுதிருப்பாய். அந்த வலியைத் தூக்கி அவள் தலையில் வைக்காதே, அவள் தாங்கமாட்டாள். உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று எழுதினால் உனக்குப் பாவம் சேரும், அதனால் எழுதாமல் விடுகிறேன்.

லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் போன் போடு. வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துண்டு இல்லாமல் நிற்காதே. மாரி உன்னை நூறு வயது வைத்திருக்கட்டும், உன் மனசை இளக்கட்டும். போன் மணி அடித்தால் எடுத்து நேரே அவள் காதில்தான் வைப்பேன், என்னிடம் நலம் விசாரிக்க வேண்டாம். கதவைத் திறக்காவிட்டாலும் போகட்டும், யாரது என்றாவது கேள். கேட்டுவிட்டு இந்தத் தடவை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
த. சீனியம்மாள்