சத்தம் இல்லாத வசனம்

வியாழன், இரவு.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் நாடகம். "மில்லுக்குச் செக்கிங் வாரவிய, முதலாளி ரூமுல காப்பி குடிச்சிட்டு அப்படியே போயிருதாவ" என்பது என் வசனம். அதை வெட்டாவிட்டால் அரசு மானியம் கிடையாது என்றார், நாடகம் பார்க்க வந்திருந்த கலைத்துறை அதிகாரி. குழுத்தலைவர் முருகேசன் அண்ணன், பூம்பூம் மாடு தோற்கும்படி தலையாட்டினார்.

மேடையில் அந்த வசனத்தை உதட்டசைவில் மட்டும் சொன்னேன். இராஜபாளையத்து மில் இரைச்சலில் நாங்கள் அப்படித்தான் பேசிக்கொள்வோம். முன்வரிசையில் இருந்த மில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை.

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. அவரும் மில்லில் வேலை பார்த்தவர்தானே.

வேனில் ஏறும்போது மெதுவாகச் சொன்னார்: "அடுத்த தடவ அந்த இடம் வந்தா, சனத்துக்கு முதுகக் காட்டி நின்னுக்கோ தாயி."