பாதி எடை பேட்டரி

பாப்பா,

சாப்பாடு மேசையில் மூடி இருக்கிறது. பதினொரு மணிக்கு டார்ச் கம்பெனி ஆள் வருவார். எதிலும் கையெழுத்துப் போடாதே.

“டார்ச்சை சார்ஜில போட்டுட்டு மறந்தது அப்பா தப்புதானேம்மா” என்று நேற்று நீயும் சொல்லிவிட்டாய். வெடிக்காமல் மிஞ்சிய இன்னொரு பேட்டரியைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நம் பழைய டார்ச் பேட்டரியில் பாதி எடைகூட இல்லை. மேலே ஒட்டிய பெயரை உரித்தால் அடியில் வேறு பெயர்.

கடைக்காரர் கம்பெனியைக் கைகாட்டுகிறார். கம்பெனி, பேட்டரி விற்றவரைக் கைகாட்டுகிறது. கடைசியில் எல்லாரும் சேர்ந்து செத்துப்போன மனுஷனைக் காட்டுகிறார்கள். அவருக்காக நான் பேசுவேன். பேட்டரியையும் வெடித்த டார்ச்சையும் சோதனைக்கூடத்துக்குக் கொண்டு போகிறேன்.

வந்தவருக்குத் தண்ணீர் கொடு. டார்ச்சைக் கேட்டால், “அம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க, தரமாட்டாங்க” என்று சொல்.

அம்மா

இன்னொன்று. அப்பா மறக்கவில்லை. பச்சை விளக்கு வந்ததும் எடுத்துவிடலாம் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறந்து வேறு அறைக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார்.